வெள்ளி ஊசியும் 7 கெல்வினும்

வெள்ளி மீக்கடத்தி இல்லை, அதாவது எவ்வளவு குளிர்ந்தாலும் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தாது. காட்மியம் ஆர்சனைடும் சாதாரண அழுத்தத்தில் மீக்கடத்தி இல்லை. ஆனால் வெள்ளி ஊசி ஒன்றைக் காட்மியம் ஆர்சனைடு படிகத்தின் மேல் மெல்ல அழுத்தி, திரவ ஹீலியத்தின் குளிருக்குக் கொண்டுபோனால், ஊசி தொடும் இடத்தில் மட்டும் மீக்கடத்துத்திறன் பிறக்கிறது. 2016இல் நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில், ஊசி முனையில் இப்படிப் பிறக்கும் மீக்கடத்துத்திறனைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று மொஹாலியில் உள்ள ஐசர் என்ற ஆய்வு நிறுவனத்தின் கௌதம் ஷீட் குழுவினருடையது. இன்னொன்று பீக்கிங் பல்கலைக்கழகத்தின் ஜியான் வாங் குழுவினருடையது. முதல் கட்டுரையைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு சாதாரணப் பொருட்கள் தொட்டுக்கொள்ளும் சில நூறு அணு அகல இடத்தில், இரண்டிலும் இல்லாத ஒன்று எங்கிருந்து வருகிறது? என் ஆராய்ச்சி அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

காட்மியம் ஆர்சனைடு டோப்பாலஜிக்கல் செமிமெட்டல் வகையைச் சேர்ந்தது. இந்தப் பொருட்களில் எலக்ட்ரான்கள் நிரம்பிய பட்டையும் காலியான பட்டையும் ஒருசில புள்ளிகளில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரான்கள் நிறையே இல்லாத துகள்கள் போல, 1928இல் டிராக் எழுதிய சமன்பாட்டின்படி நடந்துகொள்கின்றன. அவற்றின் சுழற்சியும் போகும் திசையும் பின்னிக் கிடக்கின்றன. மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்துதான் ஓடும். அப்படிப்பட்ட எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்தால், ஈயத்திலும் நியோபியத்திலும் நாம் பார்க்கும் வழக்கமான ஜோடியாக அது இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. துகளும் அதன் எதிர்த்துகளும் ஒன்றேயாக இருக்கும் மயோரானா நிலைகள் என்று பலரும் தேடுவது இங்கே கிடைக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் இத்தனை பேர் இந்தப் பொருட்களோடு மல்லுக்கட்டுகிறோம்.

சரி, வேலைக்கு வருகிறேன். கால் மில்லிமீட்டர் தடிமன் உள்ள வெள்ளிக் கம்பியைப் புது பிளேடால் சாய்வாக, ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். இரண்டாவது முறை இழுத்தால் முனை மடங்கிவிடும். வெட்டியதும் மைக்ரோஸ்கோப்பின் கீழே பார்த்தால் முனையில் சின்னதாக ஒரு கொக்கி நிற்கும். கொக்கி இல்லாமல் கூராக இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தூக்கிப் போடுவேன். பத்து வெட்டினால் இரண்டு தேறும். படிகத்தை உடைத்து எடுத்த புது முகம் கண்ணாடி போல மினுங்கும். அந்த முகத்தில்தான் அளக்க வேண்டும். ஆர்சனிக் கலந்த பொருள் என்பதால் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் உடைக்கக் கூடாது. தூளை ஊதித் தள்ளாமல் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, தனி டப்பாவில் போட வேண்டும்.

ஊசியிலிருந்து இரண்டு கம்பிகள், படிகத்திலிருந்து இரண்டு கம்பிகள். படிகத்துப் பக்கம் வெள்ளிப் பசையால் ஒட்டுவேன். இந்த இடத்தில் நிறையப் பேர் இண்டியம் வைக்கிறார்கள், சிலர் சால்டர் என்ற பற்றாசு வைக்கிறார்கள். இண்டியம் 3.4 கெல்வினில் மீக்கடத்தி ஆகும் (சுழி கெல்வின் என்பது மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்). ஈயமும் தகரமும் கலந்த பழைய சால்டர் 7 கெல்வின் பக்கத்தில் ஆகும். மின்னோட்டக் கம்பியும் மின்னழுத்தக் கம்பியும் ஒரே பொட்டில் ஒட்டப்பட்டிருந்தால் அந்தப் பொட்டின் மின்தடையும் சேர்ந்தே அளக்கப்படும். அப்புறம் உங்கள் வரைபடத்தில் வரும் சரிவு படிகத்தினுடையதா, பொட்டினுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. மீக்கடத்துத்திறனைத் தேடும் கருவிக்குள் இன்னொரு மீக்கடத்தியை வைக்கக் கூடாது. இது எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் வேறொரு வாசல் வழியாக அதே தப்பைச் செய்தேன்.

அந்த ராத்திரியை விவரமாகச் சொல்ல வேண்டும். தொடுபுள்ளியின் மின்தடை 18 ஓம். வெப்பநிலை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. 10 கெல்வின், 9, 8, கோடு தட்டையாகவே போனது. 7.1 கெல்வினில் சட்டென்று விழுந்தது. 1.5 கெல்வினுக்குப் போய், லாக்-இன் ஆம்ப்ளிஃபையரை வைத்து மின்னழுத்தத்துக்கு எதிரே மின்கடத்தத்தை வரைந்தேன். இந்த வரைபடத்தைத்தான் ஸ்பெக்ட்ரம் என்கிறோம். நடுவில் சின்னப் பள்ளம், இருபுறமும் சமமாக இரண்டு மேடுகள், பாடப்புத்தகத்தில் உள்ளது போலவே. பிளாண்டர், டிங்க்ஹாம், கிளாப்விக் மூவரும் இப்படிப்பட்ட தொடுபுள்ளிகளுக்கு 1982இல் தந்த கோட்பாட்டில் பொருத்திப் பார்த்தேன். எலக்ட்ரான் ஜோடி எவ்வளவு வலுவானது என்று காட்டும் ஆற்றல் இடைவெளி 1.35 மில்லி எலக்ட்ரான் வோல்ட் வந்தது. அதன் இரு மடங்கை, மீக்கடத்தியாக மாறும் வெப்பநிலையான மாறுநிலை வெப்பநிலையின் ஆற்றலால் வகுத்தால் 4.4 வந்தது. மீக்கடத்திகளுக்கு அடிப்படையான 1957ஆம் ஆண்டின் பிசிஎஸ் கோட்பாடு வழக்கமான மீக்கடத்திக்குச் சொல்வது 3.53. அதைவிட நன்றாகவே அதிகம். வழக்கத்துக்கு மாறானது கிடைத்துவிட்டது என்று விடியற்காலை மூன்று மணிக்கு என் ஆய்வு வழிகாட்டி மேடத்துக்கு மெயில் எழுதினேன்.

காலையில் மேடம் படத்தைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"முந்தாநாள் ஈயத்துல எந்த ஊசியை வச்சுத் தொட்டே?"

கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, நன்றாகத் தெரிந்த மீக்கடத்தி ஒன்றில் முதலில் அளப்பது வழக்கம். நான் ஈயத்தில் அளந்திருந்தேன். ஈயத்தின் மாறுநிலை வெப்பநிலை 7.2 கெல்வின். அதன் ஆற்றல் இடைவெளி சுமார் 1.35 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அதன் விகிதம் 4.3, 4.4 என்றுதான் வரும், ஏனென்றால் ஈயத்தில் எலக்ட்ரானுக்கும் படிக அணுக்களின் அதிர்வுக்கும் பிணைப்பு வலுவானது. நான் எழுதியிருந்த ஒவ்வொரு எண்ணும் ஈயத்தின் எண்.

"அதே ஊசிதான் மேடம். அசிட்டோன்ல துடைச்சேன்."

"துடைச்சா ஈயம் போகாதும்மா. போய் தங்கத்துல தொட்டுப் பாரு."

தங்கம் எவ்வளவு குளிர்ந்தாலும் மீக்கடத்தி ஆவதில்லை. அன்றைக்கே அதே ஊசியைத் தங்கத் தகட்டில் அழுத்தினேன். 7.1 கெல்வினில் அதே சரிவு. ஈயம் மெழுகு மாதிரி மென்மையானது. அதைத் தொட்ட வெள்ளி முனையில் கண்ணுக்கும் மைக்ரோஸ்கோப்புக்கும் தெரியாத ஒரு பூச்சு ஒட்டிக்கொள்ளும். தொடுபுள்ளியே நூறு நானோமீட்டர் அகலம் என்றால், அந்தப் பூச்சே அங்கு முழு உலகம். காந்தப்புலத்தில் 0.3 டெஸ்லா வரை தாக்குப்பிடித்ததை வைத்து ஈயமாக இருக்க முடியாது என்று நினைத்திருந்தேன். ஈயக் கட்டியில் மீக்கடத்துத்திறன் 0.08 டெஸ்லாவிலேயே போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் நானோ அளவுக்குச் சிறுத்த ஈயம் அதைவிடப் பல மடங்கு புலத்தைத் தாங்கும்.

காட்மியம் ஆர்சனைடிலும், இன்னொரு டோப்பாலஜிக்கல் செமிமெட்டலான டான்டலம் ஆர்சனைடிலும் ஊசி முனையில் கிடைத்திருக்கும் மீக்கடத்துத்திறன் 6, 7 கெல்வின் பக்கத்திலேயே இருக்கிறது. ஈயமும் சால்டரும் விழும் அதே இடம். அதனால் இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். அளவுத்திருத்தத்துக்கு ஈயம் வேண்டாம். நியோபியம் எடுத்துக்கொள்ளுங்கள், அது 9.2 கெல்வின், குழப்பம் வராது. அதற்கென்று தனி ஊசி, தனி இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். படிகத்துக்குப் போகும் ஒவ்வொரு ஊசியையும் முதலில் தங்கத்தில் தொட்டு, ஒன்றும் வரவில்லை என்று எழுதி வையுங்கள். படிகம் வளர்ந்த விதத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தகர உருகலில் வளர்த்த படிகத்தின் உள்ளே தகரம் சிக்கியிருந்தால் 3.7 கெல்வினில் அது பேசும். டான்டலம் ஆர்சனைடில் தனி டான்டலம் மிச்சமிருந்தால் 4.5 கெல்வினில் பேசும்.

புது ஊசியோடு அடுத்த மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. தொடுவேன், குளிர வைப்பேன், தட்டைக் கோடு. எடுப்பேன், வேறு இடத்தில் தொடுவேன், தட்டைக் கோடு. பிறகு ஒரு நாள் ஸ்க்ரூவைக் கொஞ்சம் அதிகமாகத் திருகி, வழக்கத்தைவிட அழுத்தமாக ஊசியை இறக்கினேன். மின்தடை 60 ஓமிலிருந்து 11 ஓமுக்கு இறங்கியது. 6 கெல்வினுக்குக் கொஞ்சம் மேலே கோடு வளையத் தொடங்கியது. ஈயம் போலச் சட்டென்று விழவில்லை, அகலமாக, சோம்பலாக இறங்கியது. அந்த வளைவைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சியைவிடப் பயம்தான் முதலில் வந்தது. ஊசியைத் தூக்கித் தங்கத்தில் தொட்டேன். ஒன்றும் இல்லை. மறுபடி படிகத்தில் வேறு இடத்தில் அழுத்தினேன். திரும்ப வந்தது. அன்றைக்கு யாருக்கும் மெயில் எழுதவில்லை. இன்னும் ஆறு ஊசிகளில் செய்துவிட்டுத்தான் சொன்னேன்.

இங்கே ஒரு சிக்கலைப் புரிந்துகொள்ள வேண்டும். மீக்கடத்தி என்று நிரூபிக்க வழக்கமாக இரண்டு சாட்சிகள் உண்டு: மின்தடை சுழியாவது, காந்தப்புலத்தை வெளியே தள்ளுவது. ஊசி முனையில் இரண்டுமே கிடைக்காது. புலத்தைத் தள்ளும் பகுதி அவ்வளவு சிறியது, எந்த மேக்னெட்டோமீட்டருக்கும் தெரியாது. மின்தடையும் சுழியாகாது, ஏனென்றால் குறுகலான வாசலுக்கென்று ஒரு மின்தடை எப்போதும் இருக்கிறது. 1965இல் இயற்பியலாளர் ஷார்வின் சொன்னது அதுதான். ஆக மிஞ்சுவது, விழும் கோடும் அந்த ஸ்பெக்ட்ரமும் மட்டுமே. ஸ்பெக்ட்ரத்தைத் தப்பாகப் படித்தால் எல்லாம் தப்பு.

தப்பாகப் படிக்க வைப்பது பெரும்பாலும் வெப்பம். எலக்ட்ரான் மோதாமல் வாசலைக் கடந்தால், நாம் கொடுக்கும் மின்னழுத்தம் அப்படியே அதன் ஆற்றலாகும், ஸ்பெக்ட்ரம் நம்பத் தகுந்தது. மோதி மோதிக் கடந்தால் வாசலே சூடாகும். மின்கடத்தலையும் வெப்பக் கடத்தலையும் இணைக்கும் வீடமான்-ஃபிரான்ஸ் விதிப்படி மில்லிவோல்ட்டுக்குச் சுமார் 3.2 கெல்வின். சுற்றியுள்ள ஹீலியக் குளியல் 1.5 கெல்வினில் இருக்கட்டும், 2 மில்லிவோல்ட் கொடுத்தால் தொடுபுள்ளியின் நடுவில் 6.6 கெல்வின் ஆகிவிடும். அந்த மின்னழுத்தத்தில் மீக்கடத்துத்திறன் சூட்டினால் சாகிறது, நாமோ அங்கே ஆற்றல் இடைவெளி 2 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்று எழுதுகிறோம். இதோடு மின்னோட்டம் மீக்கடத்தி தாங்கும் எல்லையைத் தாண்டும் இடத்தில் இருபுறமும் கூர்மையான பள்ளங்கள் வரும். அவற்றை எப்படிப் புரிந்துகொள்வது என்று ஷீட், முகோபாத்யாய், ராய்சௌத்ரி மூவரும் 2004இலேயே எழுதிவிட்டார்கள். அந்தக் கட்டுரையைப் படிக்காமல் யாரும் இந்த அளவீட்டில் இறங்க வேண்டாம்.

செமிமெட்டலில் இது இன்னும் கடினம். அதில் எலக்ட்ரான் அடர்த்தி குறைவு, அதனால் எலக்ட்ரான் அலையின் நீளம் பெரிது. வெள்ளிக்கும் வெள்ளிக்கும் நடுவே 20 ஓம் தொடுபுள்ளி என்றால் அதன் ஆரம் சுமார் 4 நானோமீட்டர். காட்மியம் ஆர்சனைடில் அதே 20 ஓமுக்கு ஆரம் சுமார் 100 நானோமீட்டர். நல்ல படிகத்தில் எலக்ட்ரான் மோதாமல் அதைவிட நீளமாகவே ஓடும். ஆனால் ஊசியால் குத்தி நசுக்கிய இடம் நல்ல படிகமாக இருப்பதில்லை. கட்டுரையில் படிகத்துக்குப் போட்டிருக்கும் எண்ணை அப்படியே எடுத்து, என் தொடுபுள்ளியில் மோதலே இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

எனக்குப் பலன் தந்த வழிகளைச் சொல்கிறேன். ஒரே இடத்தில் ஊசியை மெல்ல இழுத்து, மின்தடையைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஸ்பெக்ட்ரம் எடுத்தேன். மின்னோட்டத்தால் வரும் பள்ளங்கள் மின்தடையோடு இடம் மாறின, பிறகு மறைந்தன. மறையாமல் நின்றதை மட்டும் பேச எடுத்துக்கொண்டேன். ஆனால் இது ஒன்று போதாது. சூட்டினால் வரும் அமைப்பும் மின்னழுத்தத்தில் இடம் மாறாமல் நிற்கக்கூடும். அதனால் மாறுநிலைக்கு மேலே, 10 கெல்வினில், அதே மின்னழுத்த எல்லைக்குள் இன்னொரு ஸ்பெக்ட்ரம் எடுப்பேன். அது தட்டையாக இருந்தால் நிம்மதி. மின்னழுத்தம் ஏற ஏற மின்கடத்தம் தொய்ந்தால் இடம் சூடாகிறது, அந்தத் தொடுபுள்ளியை ஒதுக்கிவிடுவேன். மின்கடத்தம் சாதாரண அளவைப் போல இரு மடங்கைத் தாண்டினாலும் அப்படித்தான். ஒரு எலக்ட்ரான் வந்து மோத, ஒரு ஜோடியாக மீக்கடத்திக்குள் போவதை ஆண்ட்ரீவ் எதிரொளிப்பு என்பார்கள். வழக்கமான மீக்கடத்தியில், மோதல் இல்லாத தொடுபுள்ளியில் அது இரு மடங்குக்கு மேல் தராது.

வெப்பநிலை மாறும்போது ஊசித் தாங்கி சுருங்கி நீளும், தொடுபுள்ளி நமக்குத் தெரியாமலே மாறிவிடும். ஒவ்வொரு வெப்பநிலையிலும் அதிக மின்னழுத்தத்தில் உள்ள மின்தடையைக் குறித்துக்கொண்டேன். முதல் அளவிலிருந்து அது நகர்ந்திருந்தால் அந்த வரிசை முழுவதையும் விட்டுவிட்டேன். மூன்று நாள் உழைப்பு போகும். போகட்டும்.

இவ்வளவுக்கும் தப்பி நின்ற தொடுபுள்ளிகளில்தான் நடுவில், சுழி மின்னழுத்தத்தில், ஒரு மேடு இருந்தது. அதைக் கண்டதும் மயோரானா என்று எழுதக் கை துறுதுறுக்கும். சூடான தொடுபுள்ளியும் அதே மேட்டைத் தரும், காந்தத் தன்மையுள்ள மாசும் தரும். மொஹாலி குழு சொன்ன எண்கள் இன்னும் யோசிக்க வைப்பவை: மாறுநிலை 6 கெல்வினுக்கு மேல், ஆனால் ஆற்றல் இடைவெளி 6.5 மில்லி எலக்ட்ரான் வோல்ட், அதுவும் 13 கெல்வின் வரை மறையவில்லை. விகிதம் போட்டுப் பாருங்கள், 25 பக்கத்தில் வருகிறது. மாறுநிலைக்கு மேலேயும் ஒரு போலி இடைவெளி நிற்கிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிசிஎஸ் கணக்குக்குள் அடங்காத எண் இது. இதைப் புரிந்துகொள்ளத்தான் நான் இன்னும் ஊசி வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஊசி என்ன செய்கிறது என்பதில் எனக்கு ஒரு சாய்வு உண்டு. அழுத்தம் ஒரு காரணமாக இருக்க வேண்டும். காட்மியம் ஆர்சனைடை இரண்டு வைர முனைகளுக்கு நடுவே, வைர அடைகல்லில் வைத்து அமுக்கினால் 8.5 கிகாபாஸ்கலில் (ஒரு கிகாபாஸ்கல் சுமார் பத்தாயிரம் வளிமண்டல அழுத்தம்) 2 கெல்வினுக்குக் கொஞ்சம் கீழே மீக்கடத்தி ஆகிறது. இன்னொரு செமிமெட்டலான மாலிப்டினம் டைடெல்லுரைடு சாதாரணமாக 0.1 கெல்வினில் ஆவது, 11.7 கிகாபாஸ்கலில் 8.2 கெல்வினுக்கு ஏறுகிறது. ஆனால் ஊசி அமுக்குவது ஒரு திசையில், வெள்ளியிலிருந்து எலக்ட்ரான்களும் சேர்ந்து இறங்குகின்றன, இடமோ மிகக் குறுகல். 2 எப்படி 6 ஆனது என்பதற்கு வெறும் அழுத்தம் பதில் ஆகாது என்றே நினைக்கிறேன். அழுத்தமே இல்லாத வழியும் இருக்கிறது. நியோபியம் ஆர்சனைடை அயனிக் கற்றையால் செதுக்கும்போது மேற்பரப்பில் ஆர்சனிக் முதலில் பறந்துபோய், நியோபியம் மிகுந்த ஒரு தோல் மிஞ்சுகிறது. அந்தத் தோல் சுமார் 3.5 கெல்வினில் மீக்கடத்தி ஆகிறது. 2017இல் அதைச் செய்தவர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். படிகத்தைச் செதுக்க மட்டும் அதே கற்றையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அது கேட்காமலே வந்து சேரும்.

போன மாதம் எங்கள் லேபில் புதிதாகச் சேர்ந்த தங்கை ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்தாள். 5.8 கெல்வினில் ஒரு வளைவு. "அக்கா, பாருங்களேன்" என்றாள். முதலில் குறிப்பேட்டைக் கேட்டேன். ஊசி எண் 31, வெள்ளி, அன்று வெட்டியது, தங்கத்தில் மூன்று இடம், 1.5 கெல்வின் வரை ஒன்றும் இல்லை என்று நீல மையில் எழுதியிருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.